ஊரில் நிலம் இருக்கிறதா? அரசுத் திட்டம் தேடும் முன் பட்டாவில் யார் பெயர் என்று பாருங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வருகிறது. 'சோலார் பம்புக்கு 90% மானியம், நாளை கடைசி நாள், கீழே உள்ள லிங்க்கில் பதிவுக் கட்டணம் செலுத்தவும்.' பத்து நிமிடத்தில் அப்பா போன் செய்கிறார். "இது நமக்கு வருமாப்பா? நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லணும்." நீங்கள் பெங்களூரிலோ புணேயிலோ இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே கூகுளைத் திறக்கிறீர்கள். வருவது எல்லாம் ஐந்து வருடப் பழைய செய்திகள், பாதியில் நிற்கும் யூடியூப் வீடியோக்கள், நாற்பது பக்க அரசாணை. "அப்புறம் பாக்கறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுகிறீர்கள்.

முதலில் அந்த லிங்க். சோலார் பம்புக்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் பிஎம் குசும். 2019-ல் வந்தது. அதன் பொது விதிப்படி மத்திய அரசு 30%, மாநில அரசு 30% தரும். மீதி 40% விவசாயியின் கையிலிருந்து, அல்லது ஒரு பகுதி வங்கிக் கடனாக. சில மாநிலங்கள் தங்கள் பங்கைக் கூட்டித் தருகின்றன. ஆனால் இதற்கு மத்திய அரசின் பெயரில் எந்த இணையதளமும் 'பதிவுக் கட்டணம்' வாங்குவதில்லை. போலித் தளங்கள் பற்றி புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. விண்ணப்பம் மாநில அரசின் துறை வழியாகத்தான் போகும். தமிழ்நாட்டில் அது வேளாண்மைப் பொறியியல் துறை. முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடியாத எந்தத் தளத்திலும் அப்பாவின் ஆதார் எண்ணைப் போடாதீர்கள்.

ஃபார்வர்டு பொய்யாக இருக்கலாம். ஆனால் அப்பாவின் கேள்வி நியாயமானது. அவருக்குச் சேர வேண்டியது ஏதோ இருக்கிறது. அதை எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு குழப்பம்?

அரசமைப்புச் சட்டப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஆனால் பணத்தில் பெரும்பகுதி மத்திய அரசிலிருந்து வருகிறது. பெரும்பாலான திட்டங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பிரித்துக்கொள்கின்றன. அதனால் ஒரே சொட்டுநீர்க் குழாய்க்கு டெல்லியில் ஒரு பெயர், சென்னையில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். போதாக்குறைக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பல திட்டங்களை பிஎம் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனா, கிருஷோன்னதி யோஜனா என்ற இரண்டு குடைகளுக்குள் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் 100 மாவட்டங்களுக்காக பிஎம் தன்-தான்ய கிருஷி யோஜனாவுக்கு ஒப்புதல் தந்தது. அது புதுப் பணம் என்பதைவிட, 11 துறைகளின் 36 திட்டங்களை ஒரே மாவட்டத்தில் சேர்த்துச் செயல்படுத்தும் முயற்சி. தமிழ்நாட்டிலோ 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். ஒவ்வொரு ஆண்டும் சில பெயர்கள் சேரும், சில மறையும்.

ஆகவே திட்டத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். 'என் நிலத்தில் என்ன செய்ய வேண்டும்' என்பதை வைத்துத் தேடுங்கள். போர்வெல்லில் தண்ணீர் குறைகிறதா, மண் உவர்ந்து போயிருக்கிறதா, மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறதா, அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லையா? தேவை தெரிந்தால் எந்த அலுவலகம் என்பது தெரிந்துவிடும். திட்டத்தின் பெயரை அவர்கள் சொல்வார்கள்.

முதல் வேலை: பட்டா

இன்று இரவே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது இது. தமிழ்நாடு அரசின் 'எனி டைம் எனி வேர்' இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் கொடுத்துப் பட்டா-சிட்டாவை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது?

பல வீடுகளில் வருவது தாத்தாவின் பெயர். அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். அல்லது அப்பா, இரண்டு பெரியப்பாக்கள், ஒரு சித்தப்பா என்று நான்கு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டா. வரப்பு போட்டுத் தனித்தனியாகத்தான் உழுகிறார்கள், ஆனால் காகிதத்தில் ஒரே நிலம். இங்கேதான் முக்கால்வாசி விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. திட்டம் இல்லாததால் அல்ல, தாள் இல்லாததால்.

இப்போது இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் வேளாண் இயக்கத்தின் கீழ் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தனி அடையாள எண் தரப்படுகிறது. ஆதாரையும் நில ஆவணத்தையும் கோர்க்கும் எண் அது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்திலிருந்து பொது சேவை மையங்களிலும் கிராம முகாம்களிலும் இலவசமாகப் பதிவு செய்கிறார்கள். பிஎம் கிசானில் புதிதாகச் சேர்பவர்களிடம் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். மற்ற மானியங்களும் அந்த வழியில்தான் போகின்றன. பட்டாவில் தாத்தா இருக்கும்வரை அந்த எண் அப்பாவுக்குக் கிடைப்பது கஷ்டம். ஆதாரில் 'முருகேசன்', பட்டாவில் 'முருகையன்' என்று இருந்தாலும் ஒரு நடை கூடும்.

சரிசெய்ய என்ன வேண்டும்? தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. இவை இருந்தால் எல்லா வாரிசுகளின் பெயரையும் பட்டாவில் ஏற்றக் கேட்கலாம். தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்ய வேண்டும். பட்டா மாறுதலுக்கு 'தமிழ்நிலம்' தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். நிலத்தின் மேல் பழைய அடமானம் ஏதும் இருக்கிறதா என்று பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாரிசுச் சான்றில் அத்தைகளின் பெயரும் வரும், வர வேண்டும். "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. அத்தைக்குத் தெரியாமல் பட்டா மாற்றிவிடலாம் என்று ஊரில் யாராவது ஐடியா கொடுத்தால், அது பிற்பாடு கோர்ட்டில் போய் நிற்கும். உட்கார்ந்து பேசிவிடுவது செலவு குறைந்த வழி.

அப்பாவின் மொத்த நிலம் 2 ஹெக்டேருக்குள், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கருக்குள் இருந்தால், கையோடு தாசில்தாரிடமிருந்து சிறு-குறு விவசாயி சான்றிதழும் வாங்கிவிடுங்கள். இதற்கும் இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கணக்கில் 1 ஹெக்டேர் வரை குறு விவசாயி, 2 வரை சிறு விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலவுடைமைகளில் 86 சதவீதம் இந்த இரண்டு வகைதான். மானிய விகிதம் எகிறுவது இந்த ஒரு தாளில்.

எந்த ஆபீஸ், எந்த ஆள்?

ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கும். ஊரில் 'அக்ரி ஆபீஸ்' என்றோ 'டெப்போ' என்றோ சொல்வார்கள். அங்கே வேளாண்மை உதவி இயக்குநர் இருப்பார். உங்கள் கிராமத்துக்கென்று ஓர் உதவி வேளாண்மை அலுவலர் இருப்பார். அப்பா விசாரிக்க வேண்டிய ஆள் இவர்தான். பெயரும் போன் நம்பரும் அப்பாவுக்கே தெரிந்திருக்கும், இல்லையென்றால் மாநில அரசின் 'உழவன்' செயலியில் பார்க்கலாம். 2018-ல் வந்த இந்தச் செயலியில் மானியத்துக்கு முன்பதிவு, உர இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை என்று பல விஷயங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்து, பதிவு செய்து, எப்படிப் பார்ப்பது என்று காட்டிவிட்டு வாருங்கள். உங்கள் போனில் வைத்துக்கொண்டு ஓடிபி கேட்டு அவரை நச்சரிப்பதைவிட அது மேல்.

ஆனால் எல்லாமே அக்ரி ஆபீஸில் முடியாது. தென்னை, வாழை, காய்கறி, மல்லிகை என்றால் தோட்டக்கலைத் துறை. டிராக்டர், பவர் டில்லர், சோலார் பம்ப், பண்ணைக்குட்டை, மண் வரப்பு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. மாடு, ஆடு என்றால் கால்நடை பராமரிப்புத் துறை. சொட்டுநீரில் ஒரு சின்ன விசித்திரம்: கரும்புக்குப் போட்டால் வேளாண்மைத் துறை, வாழைக்குப் போட்டால் தோட்டக்கலைத் துறை. தப்பான ஆபீஸில் போய் நின்றால் "இங்க இல்லைங்க" என்ற பதில் மட்டும்தான் வரும், 'அங்கே போங்க' என்று சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்பா "அதெல்லாம் நமக்குக் குடுக்க மாட்டாங்கப்பா" என்று சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு பழைய நடை இருக்கலாம்.

பயிர், பூச்சி, மண் சம்பந்தமான சந்தேகத்துக்கு மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். மானியம் தரும் இடம் அல்ல, ஆனால் நல்ல ஆலோசனை கிடைக்கும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது என்பது கூடுதல் தகவல். போனிலேயே தமிழில் கேட்க வேண்டுமானால் கிசான் கால் சென்டர் இருக்கிறது, எண் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை.

நிலம் தமிழ்நாட்டில் இல்லையென்றால்? பாலக்காடு பக்கம் என்றால் பஞ்சாயத்துதோறும் கிருஷி பவன் இருக்கிறது. கோலார் பக்கம் என்றால் ஹோப்ளி அளவில் ரைத சம்பர்க்க கேந்திரா, அதோடு 'ஃப்ரூட்ஸ்' என்ற விவசாயி பதிவு எண் வேண்டும். மகாராஷ்டிரத்தில் 'மகா-டிபிடி' தளம். நாடு முழுவதற்குமான பட்டியலை மத்திய அரசின் 'மைஸ்கீம்' தளத்தில் மாநிலம், வயது, தொழில் கொடுத்து வடிகட்டிப் பார்க்கலாம். எந்தெந்தத் திட்டங்கள் இருக்கின்றன என்று ஒரு பறவைப் பார்வைக்கு அது போதும். இந்த வருடம் உங்கள் வட்டாரத்தில் நிதி மிச்சம் இருக்கிறதா என்பதை அந்தத் தளம் சொல்லாது, ஆபீஸில்தான் தெரியும்.

'நான் வரி கட்டுகிறேன், அப்பாவுக்கு வராதா?'

பிஎம் கிசான் பற்றி உங்களைப் போன்றவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 என்று மூன்று தவணை. 2019-ல் தொடங்கியபோது 2 ஹெக்டேர் உச்சவரம்பு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். கடந்த ஆண்டு வருமான வரி கட்டியவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்றவர்களின் குடும்பங்களுக்குக் கிடையாது. கடைநிலை அரசுப் பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் 'குடும்பம்' என்று இந்தத் திட்டம் சொல்வது கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகளை மட்டும்தான். நீங்கள் வரி கட்டும் வளர்ந்த மகன் அல்லது மகள். நீங்கள் தனிக் குடும்பம். உங்கள் சம்பளம் அப்பாவின் தகுதியைக் கெடுக்காது. அதேசமயம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வாங்க முடியாது, இருவர் பெயரில் நிலம் இருந்தாலும் குடும்பத்துக்கு ஒன்றுதான்.

இதில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, 'வசதிக்காக' நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அப்பாவின் தகுதி போய்விடும், உங்களுக்கும் வராது. 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி யார் பெயரில் நிலம் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பின் மாறியதில், உடைமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டாவது, 'நான் பதிவு பண்ணித் தர்றேன்' என்று வரும் புரோக்கர். 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிச் சேர்க்கப்பட்டது தெரியவந்து, பணம் திரும்பப் பெறப்பட்டது. அதில் பலருக்குத் தாங்கள் எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டோம் என்பதே தெரியாது. தவணை நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் இகேஒய்சி முடிக்காதது, அல்லது வங்கிக் கணக்கில் ஆதார் இணையாதது. உதவி எண் 155261.

காப்பீடு: 72 மணி நேரம்

பிஎம் கிசான் வந்தாலும் வராவிட்டாலும் வாழ்க்கை ஓடும். பயிர்க் காப்பீடு அப்படியல்ல. ஒரு புயல் வருடத்தில் குடும்பம் நகையை அடகு வைக்குமா வைக்காதா என்பதை அது முடிவு செய்யும்.

பிஎம் ஃபசல் பீமா யோஜனா 2016-ல் வந்தது. காரீஃப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2%, ராபிக்கு 1.5%, ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5%. மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டும். ஏக்கருக்கு 35,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்று வைத்துக்கொண்டால் ராபி நெல்லுக்கு 525 ரூபாய். 2020 காரீஃப் முதல் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. எனவே 'லோன்ல தானா பிடிச்சிருப்பாங்க' என்று இருந்துவிடாதீர்கள். ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசித் தேதி பயிருக்கும் மாவட்டத்துக்கும் மாறும், சம்பா நெல்லுக்குப் பொதுவாக நவம்பர் நடுவில் வரும். ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா, வி.ஏ.ஓ. தரும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று வேண்டும்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது தெரியாமல்தான் பெரும்பாலான சண்டை வருகிறது. அடிப்படையில் இது உங்கள் வயலுக்கான காப்பீடு அல்ல, ஒரு பகுதிக்கானது. கிராமத்திலோ ஃபிர்காவிலோ சில வயல்களில் அறுத்துப் பார்த்து சராசரி விளைச்சல் எடுப்பார்கள். அதைக் கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து நிர்ணயித்த அளவோடு ஒப்பிடுவார்கள். அதற்குக் கீழே போனால் அந்தப் பகுதியில் பதிந்த எல்லோருக்கும் இழப்பீடு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அப்பாவின் வயல் மட்டும் பாழாகி, பக்கத்தில் எல்லாம் விளைந்திருந்தால் இந்த வழியில் எதுவும் வராது.

தனி வயலுக்கு வருவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ச் சேதங்களிலும், அறுத்துக் காயப்போட்ட 14 நாளுக்குள் நனைந்தால் கிடைக்கும் அறுவடைக்குப் பிந்தைய இழப்பிலும்தான். இவற்றை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 'கிராப் இன்ஷூரன்ஸ்' செயலி, 14447 என்ற எண், வங்கி, வேளாண் அலுவலர் என்று எந்த வழியிலும் சொல்லலாம். நெல் வயல் வெள்ளத்தில் மூழ்குவது 2018-ல் இந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. டெல்டாக்காரர்களுக்கு அது பெரிய அடி. 2026 காரீஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாகவும் 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. மழை கொட்டும் நாளில் அப்பா வயலில்தான் இருப்பார், போட்டோ எடுத்து ஏற்றுவது அவருக்குத் தோன்றாது. தள்ளியிருக்கும் நீங்கள் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை இது: அந்த 72 மணி நேரத்தை நீங்கள் எண்ணுங்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாக: கிசான் கிரெடிட் கார்டில் 7% வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3% தள்ளுபடி போக 4%. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தர வேண்டும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய நாளில் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை. வீட்டில் விவசாயத்துக்காக நகைக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் இதை முதலில் விசாரியுங்கள்.

மண்ணும் தண்ணீரும்

பணம் தரும் திட்டங்களுக்குத்தான் கூட்டம். நிலத்தைக் காப்பாற்றும் திட்டங்கள் பக்கம் அவ்வளவு கூட்டம் இல்லை, ஆனால் பத்து வருடம் கழித்து வித்தியாசம் தெரிவது இவற்றில்தான்.

ஆரம்பம் மண்வள அட்டை. 2015-ல் தொடங்கிய திட்டம். தழை, மணி, சாம்பல் சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, துத்தநாகம், போரான் உட்பட 12 அளவுகள் அதில் இருக்கும். "நம்ம மண்ணு எனக்குத் தெரியாதா" என்று அப்பா சொல்வார். தெரியும்தான். ஆனால் யூரியாவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அந்தத் தாள் ஒரு பிரேக்.

அடுத்தது சொட்டுநீர். மத்திய விதிப்படி சிறு-குறு விவசாயிகளுக்கு 55%, மற்றவர்களுக்கு 45% மானியம். தமிழ்நாடு அரசு மேலே போட்டு, சிறு-குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரை 75 சதவீதமும் தருகிறது. மேலே சொன்ன சான்றிதழின் மதிப்பு இப்போது புரிகிறதா? நூறு சதவீதம் என்றாலும் அது அரசு நிர்ணயித்த விலைக்குள்தான். கம்பெனிக்காரர் கூடுதலாக ஏதாவது சேர்த்தால் கைக்காசு போகும்.

இங்கே ஒரு விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டலாம்: முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்காதீர்கள். விண்ணப்பம், வயல் ஆய்வு, அனுமதி ஆணை, பிறகுதான் வேலை, கடைசியில் போட்டோவுடன் சரிபார்ப்பு என்பதுதான் வரிசை. சொட்டுநீர், பவர் டில்லர், சோலார் பம்ப் எல்லாவற்றுக்கும் இதுதான். அவசரப்பட்டு கடையில் பில் போட்டு வாங்கிய பொருளுக்கு மானியம் வராது. நல்ல எண்ணத்தில் ஊருக்குப் பணம் அனுப்பி "உடனே வாங்கிடுங்கப்பா" என்று சொல்லும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

சோலார் பம்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சூரிய ஒளிக்குக் கரண்ட் பில் கிடையாது. அதனால் பகல் முழுக்க மோட்டார் ஓடும். நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட ஃபிர்காவில் அது நல்லதல்ல. உங்கள் ஃபிர்கா பாதுகாப்பானதா, அபாயகரமானதா, அதிநுகர்வா என்ற வகைப்பாடு அரசிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதிநுகர்வு என்றால் முதலில் சொட்டுநீரும் பண்ணைக்குட்டையும், பம்ப் அப்புறம். சொட்டுநீர் போட்டுவிட்டு மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை போட்டால் கிணற்றுக்கு ஒன்றும் மிச்சமாகாது, அதையும் மனதில் வையுங்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினால் நேரடியாகப் பணம் தரும் திட்டமும் நாட்டில் உண்டு. ஹரியாணா 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று 'மேரா பானி மேரி விராசத்' திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் உள்ளவை பெரும்பாலும் பொருளாகக் கிடைப்பவை: பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை மானியத்தில், வரப்போரம் நட மரக்கன்றுகள், ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ள வண்டல் மண். கடைசியாகச் சொன்னதற்கு 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். வண்டிச் செலவு மட்டும் உங்களுடையது. மண்ணும் வளமாகும், ஏரியும் ஆழமாகும். ஆனால் கோடையில் ஏரி வற்றியிருக்கும்போதுதான் முடியும் என்பதால் மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

நிலத்தை உண்மையில் உழுவது யார்?

இதைக் கேட்காமல் முடிக்க முடியாது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நிலம் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டிருக்கிறது என்றால், மேலே சொன்ன பெரும்பாலான திட்டங்கள் பட்டாவைத்தான் பார்க்கின்றன. பிஎம் கிசான் நில உடைமையாளருக்குப் போகும், உழுகிறவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. சொட்டுநீருக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். ஆனால் பயிர்க் காப்பீடு அப்படியல்ல. குத்தகைதாரரும் வாரதாரரும் தங்கள் பெயரிலேயே சேரலாம். விதையும் உரமும் கூலியும் போட்டவர் அவர், பயிர் போனால் இழப்பும் அவருடையது. நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக அதை உங்கள் பெயரில் பதிந்துகொண்டால், வெள்ளம் வந்த வருடம் இழப்பீடு உங்கள் கணக்கில் விழும், கடன் அவர் தலையில் நிற்கும்.

இதைத் தடுப்பது பல வீடுகளில் ஒரு பயம்: எழுதிக் கொடுத்தால் நிலத்தையே கேட்பாரோ. தமிழ்நாட்டில் 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் 1969-ன் சட்டமும் இருப்பதால் அந்தப் பயம் முழுக்கக் கற்பனையும் அல்ல. ஆனால் அதன் விலையை இப்போது கட்டிக்கொண்டிருப்பது உங்கள் வயலில் நிற்கும் அந்த மனிதர். இந்தப் பருவம், இந்தச் சர்வே நம்பர், இந்தப் பயிர் என்று குறிப்பிட்டுச் சாகுபடிச் சான்று வாங்க அவருக்கு உதவ முடியுமா என்று ஒரு வக்கீலிடமும் வி.ஏ.ஓ.விடமும் கேளுங்கள். அப்பாவிடம் இந்தப் பேச்சை எடுப்பது கொஞ்சம் சங்கடம்தான்.

இல்லை என்று சொல்லிவிட்டால்

விண்ணப்பம் நின்றுபோனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'ஃபண்டு இல்லை' என்பது ஒரு காரணம், 'உங்கள் தாள் சரியில்லை' என்பது வேறு காரணம். முதலாவதற்கு அடுத்த நிதியாண்டின் தொடக்கத்தில், ஏப்ரல்-மே மாதத்திலேயே பதிவு செய்வதுதான் வழி. பதிவு மூப்பு முக்கியம். இரண்டாவதற்கு மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் இருக்கிறது. எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். மனு எண்ணோடு போனால் 'இந்த ஆபீஸ் இல்லை, அந்த ஆபீஸ்' என்று சொல்ல முடியாது. முதல்வரின் உதவி எண் 1100. அதற்கும் அசையவில்லையென்றால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்' என்று நினைத்திருப்பீர்கள். அந்த நான்கு நாளும் தாசில்தார் ஆபீஸும் அக்ரி ஆபீஸும் பூட்டியிருக்கும். ஒரு வேலை நாளைச் சேர்த்து டிக்கெட் போடுங்கள். ஜனவரி 26 வரை இருக்க முடிந்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு கிராம சபை. ஊராட்சியில் பயனாளிகள் பட்டியல் பற்றிக் கேள்வி கேட்க அதுதான் இடம்.

கிளம்பும் முன் அந்த பட்டா-சிட்டாவை இரண்டு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அத்தைக்குக் காட்ட.